சிஸ்பிளெக்ஸில் ஒரு சிஸ்டம் பேசாமல் போனால்: ஷிஃப்ட் பார்க்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கத்திலிருந்து மெயின்ஃபிரேம் ஆபரேஷன்ஸ் வேலைக்குப் போன பிள்ளைகள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஆபீஸ் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கும். வாரத்தில் பாதி நாள் மலையிலேயே உட்கார்ந்து ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பார்கள். மெஷினோ வேறு கண்டத்தில் இருக்கும். நான் பல வருஷம் சிஸ்டம் புரோகிராமராக இருந்துவிட்டு இப்போது குன்னூரிலிருந்தே அதே வேலையைத் தொடர்கிறேன். அதனால் சந்தேகம் வந்தால் எனக்குத்தான் போன் வரும். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. எல்லாருக்கும் உதவட்டும் என்று அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலும் வைத்திருக்கிறேன். எல்லாம் ஐபிஎம் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கம்ப்யூட்டரில் ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டமான இசட் ஓஎஸ் பற்றியது. கட்டளைகளையும் மெசேஜ் எண்களையும் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன்.

1. அக்கா, சிஸ்பிளெக்ஸ்னா நாலு மெயின்ஃபிரேம ஒண்ணா சேர்த்து வெச்சதுதானே?

ஒன்றாகச் சேர்வது மெஷின்கள் அல்ல, இசட் ஓஎஸ் இமேஜ்கள், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு இசட் ஓஎஸ்ஸும். அதைத்தான் சிஸ்டம் என்கிறோம். ஒரே பெட்டிக்குள் நாலு எல்பார் (ஒரு மெஷினைப் பிரித்த தனித்தனிப் பங்கு) இருந்து, நாலும் ஒரே சிஸ்பிளெக்ஸில் இருக்கலாம். இரண்டு பெட்டிகளில் பரவியும் இருக்கலாம். ஒரு சிஸ்பிளெக்ஸில் அதிகபட்சம் 32 சிஸ்டம். அவை ஒன்றோடொன்று பேசுவதற்கும் ஒன்றை ஒன்று கண்காணிப்பதற்கும் இசட் ஓஎஸ்ஸுக்குள் இருக்கும் பகுதிதான் எக்ஸ்சிஎஃப்.

1990-ல் வந்தது பேஸ் சிஸ்பிளெக்ஸ். 1994-ல் கப்ளிங் ஃபெசிலிட்டி சேர்ந்து பேரலல் சிஸ்பிளெக்ஸ் ஆனது. கப்ளிங் ஃபெசிலிட்டி என்பது தனி எல்பாரில் ஓடும் பொது நினைவகம். பூட்டுகள், பட்டியல்கள், கேஷ் ஆகியவற்றை எல்லா சிஸ்டமும் பகிர்ந்துகொள்ளும் இடம் அது.

2. ரிசோர்ஸ் ஷேரிங், டேட்டா ஷேரிங், ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. ரிசோர்ஸ் ஷேரிங்கில் ஆப்பரேட்டிங் சிஸ்டம்தான் பகிர்ந்துகொள்கிறது. ஜிஆர்எஸ் ஸ்டார் (பூட்டுகளைப் பார்த்துக்கொள்வது), எக்ஸ்சிஎஃப் சிக்னல், ஜேஈஎஸ்2 செக்பாயிண்ட் (ஜாப் வரிசையின் பதிவு), ஓபர்லாக் (எல்லா சிஸ்டத்தின் மெசேஜ் பதிவு), ராக்ஃப் கேஷ் (பாதுகாப்பு அனுமதிகள்) எல்லாம் இந்த வகை. டேட்டா ஷேரிங்கில் டிபி2, ஐஎம்எஸ், விசாம் ஆர்எல்எஸ் போன்ற தரவு மென்பொருள்கள் ஒரே தரவைப் பல சிஸ்டத்திலிருந்து ஒரே நேரத்தில் மாற்றுகின்றன.

நீங்கள் கண்காணிக்கும் முறை இரண்டிலும் ஒன்றுதான். "எங்களுக்கு டேட்டா ஷேரிங் இல்லை, ஆபத்து குறைவு" என்று மட்டும் நினைக்க வேண்டாம். டிஸ்க்குகள் எல்லா சிஸ்டத்துக்கும் பொது. அதில் யார் எப்போது எழுதலாம் என்பதை ஜிஆர்எஸ் பூட்டுகள்தான் காக்கின்றன. 8-ஆம் கேள்வியில் இது மறுபடியும் வரும்.

3. ஒரு சிஸ்டம் உயிரோட இருக்குன்னு மத்த சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும்?

சிஸ்பிளெக்ஸ் கப்பிள் டேட்டா செட் என்று டிஸ்க்கில் ஒரு ஃபைல் உண்டு. எல்லா சிஸ்டமும் அதைப் பகிர்கின்றன. ஒவ்வொரு சிஸ்டத்தின் எக்ஸ்சிஎஃப்பும் சில நொடிகளுக்கு ஒருமுறை அதில் தனக்குரிய இடத்தில் நேரத்தைப் பதிந்துவிட்டு, மற்றவர்கள் பதிந்த நேரத்தையும் பார்க்கும். ஒருவரின் நேரம் குறிப்பிட்ட இடைவெளிக்கு மேல் நகராமல் நின்றால், "இவர் ஸ்டேட்டஸ் அப்டேட் செய்யவில்லை" என்று மற்ற சிஸ்டங்கள் முடிவு செய்யும்.

அந்த டேட்டா செட் எப்போதும் ஜோடியாகத்தான் இருக்க வேண்டும், பிரைமரி ஒன்று, ஆல்டர்நேட் ஒன்று. இரண்டும் தனித்தனி டிஸ்க் கன்ட்ரோலரில் இருப்பது நல்லது. இரண்டும் ஒரே நேரத்தில் போனால் சிஸ்டங்கள் 0ஏ2 வெயிட் ஸ்டேட்டில் (எதையும் இயக்காமல் நிற்கும் நிலை) நின்றுவிடும். ஆல்டர்நேட் இல்லை என்று கன்சோலில் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே சிஸ்டம் புரோகிராமரை எழுப்புங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

4. ஷிஃப்ட்டுல உக்காந்ததும் முதல்ல எந்தக் கட்டளை போடணும்?

டி எக்ஸ்சிஎஃப்,எஸ்,ஆல். ஐஎக்ஸ்சி335ஐ என்ற பதில் வரும். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு வரி. அதில் பெயர், மெஷின் டைப், சீரியல், எல்பார் எண், கடைசியாக ஸ்டேட்டஸ் பதிந்த நேரம், நிலை எல்லாம் இருக்கும். எல்லாம் ஆக்டிவ் என்று இருக்க வேண்டும். மானிட்டர்-டிடெக்டட் ஸ்டாப் என்று வந்தால் அந்த சிஸ்டம் நேரம் பதிவதை நிறுத்திவிட்டது. பீயிங் ரிமூவ்ட் என்று வந்தால் வெளியேற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது டி ஆர்,எல். பதிலுக்காகக் காத்திருக்கும் கேள்விகள் இதில் தெரியும். போன ஷிஃப்ட்காரர் கவனிக்காமல் விட்ட 402டி (8-ஆம் கேள்வியில் வரும் மெசேஜ்) இங்கேதான் கிடக்கும். அப்புறம் டி எக்ஸ்சிஎஃப்,கப்பிள். இன்டர்வல், ஆப்நோட்டிஃபை (6-ஆம் கேள்வியில் சொல்கிறேன்), கப்பிள் டேட்டா செட்டின் நிலை எல்லாம் அதில் வரும். கடைசியாக டி ஜிஆர்எஸ்,சி போட்டு, பூட்டுக்காக யார் யாரைக் காக்க வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.

மெஷின் சீரியலையும் எல்பார் எண்ணையும் ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை வரும் நேரத்தில் தேட அவகாசம் இருக்காது.

5. ஸ்டேட்டஸ் டைம் பல மணி நேரம் பின்னாடி காட்டுது! சிஸ்டம் ராத்திரியே போயிடுச்சா?

பதற வேண்டாம். அங்கே வருவது அந்த சிஸ்டத்துக்கு வைத்திருக்கும் உள்ளூர் நேரம், பெரும்பாலும் டேட்டா சென்டர் இருக்கும் நாட்டின் நேரம். உங்கள் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிடாமல் டி டி போட்டு வரும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். கட்டளையை இரண்டு தடவை கொடுத்து நேரம் நகர்கிறதா என்று பார்ப்பது அதைவிடச் சுலபம்.

6. ஒருத்தர் 85 செகண்டுங்கறார், இன்னொருத்தர் 165ங்கறார். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். எவ்வளவு நேரம் ஸ்டேட்டஸ் வராவிட்டால் பிரச்சினை என்று கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த எண். கப்பிள்எக்ஸ்எக்ஸ் பார்ம்லிப் என்ற அமைப்பு ஃபைலில் இன்டர்வல் என்று கொடுப்பது. பழைய வழக்கத்தில், பகிர்ந்த சிபியு உள்ள எல்பாருக்கு 85 நொடி. இப்போதைய இசட் ஓஎஸ் ஸ்பின் லூப் (சிபியு எதற்காகவோ சுற்றிச் சுற்றிக் காத்திருப்பது) அமைப்பிலிருந்து தானே ஒரு கணக்குப் போடும்: ஸ்பின் மீட்பு நடவடிக்கைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, ஸ்பின் டைமால் பெருக்கி, 5 சேர்க்கும். வழக்கமான அமைப்பில் நடவடிக்கை 3, ஸ்பின் டைம் 40. நாலை நாற்பதால் பெருக்கினால் 160, அதோடு 5, ஆக 165. நீங்கள் கொடுத்த எண்ணும் இந்தக் கணக்கும் வேறுபட்டால், இரண்டில் பெரியதையே சிஸ்டம் எடுத்துக்கொள்ளும். யூசர் இன்டர்வல் வசதியை இயக்கியிருந்தால் மட்டும் நீங்கள் கொடுத்ததுதான் செல்லும்.

ஆகவே ஆள் சொன்னதை நம்ப வேண்டாம், டி எக்ஸ்சிஎஃப்,கப்பிள் போட்டுப் பாருங்கள். ஆப்நோட்டிஃபை என்பது ஆபரேட்டருக்குச் சொல்லும் நேரம். வழக்கமாக இன்டர்வலைவிட 3 நொடி அதிகம், அதாவது 168.

இன்டர்வலைக் குறைத்தால் சீக்கிரம் தெரிந்துவிடும்தானே என்று சிலர் கேட்பார்கள். ஸ்பின் லூப்பிலிருந்து தானாக மீளக்கூடிய சிஸ்டத்தை, மீள்வதற்குள் கொன்றுவிடுவீர்கள். நான் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன். விரைவாகத் தெரிய வேறு வழி இருக்கிறது, 11-ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

7. ஸ்டேட்டஸ் அப்டேட் வரலேன்னா அந்த சிஸ்டம் செத்துடுச்சுன்னுதானே அர்த்தம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். அர்த்தம் அது இல்லை. "நேரம் பதியவில்லை" என்பது மட்டும்தான் நமக்குத் தெரிந்த உண்மை. ஆடி மழையில் கூடலூர்ப் பக்கம் மரம் விழுந்து லைன் அறுந்தால் அத்தை வீட்டுக்குப் போன் போகாது. அதற்காக அத்தை வீட்டில் யாருமே இல்லை என்று முடிவுகட்டி வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட மாட்டோம் அல்லவா?

உயிரோடு இருக்கும் சிஸ்டம் வாய் மூடிக்கொள்ளப் பல காரணங்கள் உண்டு. யாரோ ஹெச்எம்சியில் (மெஷினையே கட்டுப்படுத்தும் கன்சோல்) ஸ்டாப் அழுத்தியிருக்கலாம். பெட்டி முழுக்க சிபியு நிரம்பி, வெயிட் (சிபியு பங்குக்கான எடை) குறைந்த எல்பாருக்கு முறையே வராமல் இருக்கலாம். கப்பிள் டேட்டா செட் இருக்கும் டிஸ்க் மந்தமாகியிருக்கலாம். மறுபடி இயக்கக்கூடிய வெயிட் ஸ்டேட்டில் நிற்கலாம். இந்த எல்லா நிலையிலும் அந்த சிஸ்டம் அடுத்த நொடி எழுந்து, விட்ட இடத்திலிருந்து டிஸ்க்கில் எழுதத் தொடங்க முடியும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

8. 402டி வந்திருக்கு அக்கா. டவுன்னு போட்டுடலாமா?

போடாதீர்கள். முதலில் மெசேஜை முழுவதும் படியுங்கள். ஐஎக்ஸ்சி402டி சொல்வது: இந்த சிஸ்டம் கடைசியாக இன்ன நேரத்தில் இயங்கியது, சிஸ்டம் ரீசெட் செய்த பிறகு டவுன் என்று பதில் கொடு, அல்லது மறுபடி எப்போது கேட்கலாம் என்று இன்டர்வல் கொடு. "ரீசெட் செய்த பிறகு" என்ற பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம்.

டவுன் என்றால் "அந்த சிஸ்டம் இனி டிஸ்க்கைத் தொடாது என்று நான் உறுதி சொல்கிறேன்" என்று பொருள். அந்த உறுதியை நம்பி எக்ஸ்சிஎஃப் அந்த சிஸ்டத்தை வெளியேற்றும். அது வைத்திருந்த ஜிஆர்எஸ் பூட்டுகள் விடுபடும். அவற்றுக்காகக் காத்திருந்த மற்ற சிஸ்டங்கள் அதே டேட்டா செட்டில் எழுதத் தொடங்கும். ரீசெட் ஆகாத பழைய சிஸ்டம் அந்த நேரத்தில் எழுந்தால் இரண்டு பேர் ஒரே இடத்தில் எழுதுவார்கள். கேட்டலாக் கெடும், டேட்டாபேஸ் கெடும். உடனே தெரிந்தால் பரவாயில்லை. பல நாள் கழித்து ஏதோ ஒரு பேட்ச் ஜாப்பில்தான் தெரியவரும். அப்போது எந்த பேக்கப்புக்குத் திரும்புவது என்றே யாருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியது இதுதான். டி எக்ஸ்சிஎஃப்,எஸ்,ஆல் போட்டு அந்த சிஸ்டத்தின் மெஷின் சீரியலையும் எல்பார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஹெச்எம்சியில் அந்த எல்பார் என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். யாரோ ஸ்டாப் செய்து வைத்திருந்தால் ஸ்டார்ட் கொடுத்தாலே போதும், அது ஸ்டேட்டஸ் பதியத் தொடங்கினால் கேள்வியும் மறைந்துவிடும். முடிவு செய்ய அவகாசம் வேண்டுமென்றால் இன்டர்வல் என்று நொடிக்கணக்கில் பதில் கொடுங்கள், அவ்வளவு நேரம் கழித்து மறுபடி கேட்கும். அந்த சிஸ்டம் மீளாது என்று பொறுப்பானவர் முடிவு செய்த பிறகு, ஹெச்எம்சியில் சரியான எல்பாரைத் தேர்ந்து ரீசெட் செய்து, ரீசெட் முடிந்ததைக் கண்ணால் பார்த்து, அதற்குப் பிறகுதான் டவுன். எல்பார் பெயரை இன்னொருவரிடம் போனில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழுத்துங்கள். ராத்திரி மூணு மணிக்குத் தவறான எல்பாரை ரீசெட் செய்வது யாருக்கும் நடக்கக்கூடியது.

இன்னொன்று. காத்திருப்பதும் இலவசமில்லை. அந்த சிஸ்டம் வைத்திருக்கும் பூட்டுகள் விடுபடாதவரை மற்ற சிஸ்டங்களில் வேலை தேங்கிக்கொண்டே போகும். 402டியை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் சிஸ்பிளெக்ஸ் முழுக்க நிற்கும். அவசரப்படவும் கூடாது, ஆறப்போடவும் கூடாது. அதற்காகத்தான் 4-ஆம் கேள்வியில் சொன்ன தாள்.

9. 402டி, 102ஏ, ரெண்டுலயும் டவுன்னுதான் கேட்குது. என்ன வித்தியாசம்?

402டி வரும்போது அந்த சிஸ்டத்தை வெளியேற்றலாமா என்ற முடிவு இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. ஐஎக்ஸ்சி102ஏ வரும்போது வெளியேற்றுவது முடிவாகிவிட்டது. வெளியேற்றம் தொடங்கியது என்று சொல்லும் ஐஎக்ஸ்சி101ஐ ஏற்கெனவே வந்திருக்கும். சிஸ்டம் செயலிழந்தது என்ற உறுதிக்காக மட்டும் எக்ஸ்சிஎஃப் காத்திருக்கிறது. ரீசெட் செய்துவிட்டு டவுன் கொடுப்பது இரண்டிலும் ஒன்றே. எல்லாம் முடிந்தால் ஐஎக்ஸ்சி105ஐ வரும். அது வரும்வரை வேலை முடியவில்லை.

10. எங்ககிட்ட எஸ்எஃப்எம் பாலிசி இருக்கு. அப்புறம் ஏன் நம்மளக் கேட்குது?

எஸ்எஃப்எம் என்பது "ஸ்டேட்டஸ் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும்" என்று முன்கூட்டியே எழுதிவைத்த பாலிசி. ஐசோலேட் டைம் கொடுத்திருந்தால், இன்டர்வல் முடிந்து அந்த நேரமும் கடந்ததும், உயிரோடு இருக்கும் ஒரு சிஸ்டம் பேசாத சிஸ்டத்தின் ஐஓவை (டிஸ்க்கில் படிப்பதும் எழுதுவதும்) கப்ளிங் ஃபெசிலிட்டி வழியாகத் துண்டிக்கும். மனிதர் யாரும் தேவையில்லை. பெரும்பாலான இடங்களுக்கு இதுதான் சரியான அமைப்பு என்பது என் கருத்து.

அப்படியும் கேள்வி வருவதற்கு வழக்கமான காரணங்கள் சில. பாலிசியில் ப்ராம்ப்ட் (ஆபரேட்டரைக் கேள்) என்று எழுதியிருக்கலாம். பாலிசி ஆக்டிவ் ஆகாமலே இருக்கலாம்: எஸ்எஃப்எம் கப்பிள் டேட்டா செட்டை எல்லா சிஸ்டமும் எட்ட வேண்டும், ஒன்று எட்டாவிட்டாலும் பாலிசி செல்லாது. அல்லது துண்டிக்கும் முயற்சி தோற்றிருக்கலாம். இருவருக்கும் பொதுவாக ஒரு கப்ளிங் ஃபெசிலிட்டி இல்லாவிட்டால் துண்டிக்க முடியாது. அப்போது வருவதுதான் 102ஏ. டி எக்ஸ்சிஎஃப்,பாலிசி,டைப்=எஸ்எஃப்எம் போட்டால் பாலிசி ஆக்டிவ்வா என்று தெரியும். இதை அமைதியான ஒரு மதியத்தில் பார்த்து வையுங்கள்.

11. 165 செகண்டு காத்திருக்காமலே தெரிஞ்சுக்க வழி இருக்குன்னீங்களே?

இருக்கிறது. 2009-ல் இசட் ஓஎஸ் 1.11-ல் சிஸ்டம் ஸ்டேட்டஸ் டிடெக்ஷன் என்று ஒன்று வந்தது. அதுவரை ஒரு சிஸ்டம் இன்னொன்றைப் பற்றி அறிந்தது பெரும்பாலும் கப்பிள் டேட்டா செட்டில் பதிந்த நேரத்தை வைத்துத்தான். இது வந்த பிறகு, பிசிபிஐஐ என்ற இடைமுகம் வழியாக மெஷினின் சப்போர்ட் எலிமென்ட்டையே (மெஷினை நிர்வகிக்கும் உள் கம்ப்யூட்டர்) நேராகக் கேட்கலாம்: அந்த எல்பார் மீளாத வெயிட் ஸ்டேட்டில் இருக்கிறதா, ரீசெட் ஆகிவிட்டதா, அதே இடத்தில் வேறு ஐபிஎல் (சிஸ்டத்தைப் புதிதாகத் தொடங்குவது) நடந்துவிட்டதா? "ஆம்" என்று மெஷினே சொன்னால் இன்டர்வலுக்குக் காத்திருக்காமல் உடனே வெளியேற்றும். தேவைப்பட்டால் இலக்கு சிஸ்டத்தைத் தானே ரீசெட்டும் செய்யும். 7-ஆம் கேள்வியில் சொன்ன ஊகத்துக்கு இங்கே இடமே இல்லை, மெஷினிடமிருந்தே சான்று வந்துவிடுகிறது. அதனால்தான் இந்த வசதி எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

இதற்கு வேண்டியவை: பிசிபிஐஐ அமைத்திருக்க வேண்டும், சப்போர்ட் எலிமென்ட்டில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும், சிஸ்பிளெக்ஸ் கப்பிள் டேட்டா செட்டை எஸ்ஸ்டாட்டெட் என்ற ஐட்டத்தோடு ஃபார்மேட் செய்திருக்க வேண்டும், சிஸ்ஸ்டாட்டிடெக்ட் ஃபங்ஷன் இயங்க வேண்டும். டி எக்ஸ்சிஎஃப்,கப்பிள் பதிலில் "இந்த சிஸ்டம் மற்றவற்றை இலக்காக்கலாம், மற்றவை இதை இலக்காக்கலாம்" என்று இரண்டு தகுதிகளும் வந்தால் எல்லாம் சரி. ஒன்று மட்டும் வந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

சப்போர்ட் எலிமென்ட்டையே எட்ட முடியாவிட்டால், உதாரணமாக அந்தப் பெட்டிக்கே மின்சாரம் போய்விட்டால், பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. அப்போது பழைய வழிதான், 8-ஆம் கேள்வி.

12. எல்லாம் ஆக்டிவ்னு காட்டுது. ஆனா யூசர்ஸ் தொங்குதுன்னு கத்தறாங்க!

ஆக்டிவ் என்றால் எக்ஸ்சிஎஃப் நேரம் பதிகிறது, அவ்வளவுதான். சிஸ்டம் நலமாக இருக்கிறது என்று அது சொல்லவில்லை. டி ஜிஆர்எஸ்,சி போடுங்கள். பூட்டை வைத்துக்கொண்டு விடாதவர் எந்த சிஸ்டத்தில், எந்த ஜாப் என்று வரும். டி ஜிஆர்எஸ்,அனலைஸ்,பிளாக்கர் இன்னும் நேராகச் சொல்லும்.

பூட்டுகளில் ஒன்றும் இல்லாவிட்டால் டி எக்ஸ்சிஎஃப்,ஜி போட்டுப் பாருங்கள். குரூப் (எக்ஸ்சிஎஃப் வழியாகப் பேசிக்கொள்ளும் புரோகிராம்களின் கூட்டம்) பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அதில் ஒரு மெம்பர் தனக்கு வந்த சிக்னல்களை எடுக்காமல் நிற்கிறது. ஐஎக்ஸ்சி430ஈ நிற்கும் மெம்பர் உள்ள சிஸ்டத்தைச் சொல்லும். ஐஎக்ஸ்சி440ஈ வந்தால் அதனால் வேறொரு சிஸ்டமும் பாதிக்கப்படுகிறது. இங்கே பலர் தவறுவது, கத்தல் வரும் சிஸ்டத்தையே நோண்டிக்கொண்டிருப்பது. காரணம் பக்கத்து சிஸ்டத்தில் இருக்கும். 440ஈ மெசேஜில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன, யார் பாதிக்கப்பட்டவர், யார் காரணம் என்று பிரித்துப் படியுங்கள். எஸ்எஃப்எம்மில் மெம்ஸ்டால்டைம் கொடுத்திருந்தால் நெடுநேரம் நிற்கும் மெம்பரை சிஸ்டமே நிறுத்திவிடும்.

இரண்டும் இல்லையென்றால் சிபியுவையும் எல்பார் வெயிட்டையும் சந்தேகப்படுங்கள். செயல்திறனைக் காட்டும் ஆர்எம்எஃப் மானிட்டர் 3 திறந்து பாருங்கள்.

13. 426டின்னு ஒண்ணு வந்துச்சு. ஸ்டேட்டஸ் வரல, ஆனா சிக்னல் வருதாம். அது எப்படி?

ஸ்டேட்டஸ் பதிவது டிஸ்க்கில். சிக்னல் போவது கப்ளிங் ஃபெசிலிட்டி அல்லது சிடிசி (சிஸ்டங்களுக்கு இடையிலான நேர் இணைப்பு) வழியாக. இரண்டும் வேறு பாதை. ஒன்று அடைத்து மற்றொன்று திறந்திருந்தால் ஐஎக்ஸ்சி426டி வரும். சிஸ்டம் உயிரோடு இருப்பது உறுதி. எனவே முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த சிஸ்டத்திலிருந்து கப்பிள் டேட்டா செட் டிஸ்க்குக்குப் போகும் பாதையை. எஸ்எஃப்எம்மில் எஸ்எஸ்யுஎம்லிமிட் கொடுத்திருந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று அதுவே முடிவு செய்யும்.

இதற்கு எதிர்மாறானது ஐஎக்ஸ்சி409டி. ஸ்டேட்டஸ் வருகிறது, இரண்டு சிஸ்டங்களுக்கு நடுவே சிக்னல் பாதை இல்லை. ரீட்ரை கொடுக்கலாம், அல்லது எந்த சிஸ்டத்தை வெளியேற்ற வேண்டும் என்று பெயர் கொடுக்கலாம். டி எக்ஸ்சிஎஃப்,பிஐ, டி எக்ஸ்சிஎஃப்,பிஓ இரண்டையும் பார்த்து, பாதையைச் சரிசெய்ய முயன்று, ரீட்ரை கொடுத்துப் பார்க்காமல் பெயர் கொடுக்காதீர்கள். கான்ஃபெயில் யெஸ் என்று பாலிசியில் இருந்தால் வெயிட் (பாலிசியில் கொடுத்த எடை) குறைந்ததை எஸ்எஃப்எம் தானே வெளியேற்றும்.

14. ஹெல்த் செக்கர்ல மஞ்சளா நிறைய இருக்கே, எதப் பார்க்கணும்?

ஹெல்த் செக்கர் என்பது அமைப்புகள் சரியா என்று சோதித்துச் சொல்லும் வசதி. எஸ்டிஎஸ்எஃப் என்ற கண்காணிப்புத் திரையில் சிகே பேனல் திறந்து, எக்ஸ்சிஎஃப் என்று தொடங்கும் செக்குகளை முதலில் பாருங்கள். எக்ஸ்சிஎஃப்_எஃப்டிஐ 6-ஆம் கேள்வியின் இன்டர்வலையும், எக்ஸ்சிஎஃப்_எஸ்எஃப்எம்_ஆக்டிவ் 10-ஆம் கேள்வியின் பாலிசியையும், எக்ஸ்சிஎஃப்_சிடிஎஸ்_செப்பரேஷன் கப்பிள் டேட்டா செட்டுகள் தனித்தனி இடத்தில் இருக்கின்றனவா என்பதையும் சோதிக்கும். எக்ஸ்சிஎஃப்_சிஸ்ஸ்டாட்டெட்_பார்ட்டிஷனிங் 11-க்கு உரியது. இந்த நாலும் சுத்தமாக இருந்தால் 402டியை நீங்கள் பார்ப்பதே அபூர்வம்.

15. மழையில நெட் போயிடுச்சு. சிஸ்டம் போச்சா, நம்ம லைன் போச்சான்னு எப்படித் தெரியும்?

மலையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கே உரிய கேள்வி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த அளவு வேண்டாம், சாதாரண ஜூலைக் காற்றுக்கே ஒரு கற்பூர மரம் சாய்ந்தால் கரண்டும் ஃபைபரும் சேர்ந்து போகும். உங்கள் 3270 திரை (மெயின்ஃபிரேம் டெர்மினல்) உறைந்தால் முதல் சந்தேகம் உங்கள் லைன் மேல்தான் இருக்கட்டும். எல்லா சிஸ்டத்தின் செஷனும் ஒரே நேரத்தில் உறைந்தால் அநேகமாக உங்கள் பக்கம்தான். ஒன்று மட்டும் உறைந்து மற்றவை ஓடினால், ஓடும் சிஸ்டத்திலிருந்து டி எக்ஸ்சிஎஃப்,எஸ்,ஆல் போடுங்கள்.

நெட் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தட்ட ஆரம்பிக்காதீர்கள். டிஎஸ்ஓவில் ரீகனெக்ட் கொடுத்து நுழைந்து, டி ஆர்,எல் பார்த்து, ஓபர்லாகில் கடைசி சில நிமிடங்களைப் படியுங்கள். நீங்கள் அனுப்பிய பதில் போய்ச் சேர்ந்ததா, இல்லையா, நீங்கள் இல்லாத நேரத்தில் வேறொருவர் பதில் கொடுத்தாரா என்று அங்கே தெரியும். சிஸ்பிளெக்ஸில் எந்த சிஸ்டத்திலிருந்தும் பதில் கொடுக்கலாம் என்பதால் இது முக்கியம்.

யுபிஎஸ்ஸும் வேறு கம்பெனி சிம் போட்ட ஹாட்ஸ்பாட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் ஷிஃப்ட் தொடங்கும்போதே சமவெளியில் இருக்கும் சகாவிடம் சொல்லிவையுங்கள். ஹெச்எம்சி திரை கண்ணுக்குத் தெரியாத நிலையில் டவுன் பதிலை மட்டும் கொடுக்கவே கூடாது. "ரீசெட் பண்ணிட்டோம்" என்று யாராவது போனில் சொன்னால் எந்த மெஷின், எந்த எல்பார், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டு, ஹெச்எம்சியிலும் கண்ணால் பார்த்த பிறகு கொடுங்கள்.

16. டவுன்ன ஆட்டோமேஷன்ல போட்டுட்டா நிம்மதிதானே?

இசட் ஓஎஸ் 1.12-லிருந்து ஆட்டோ ரிப்ளை வசதி இருக்கிறது. அதை 402டிக்கும் 102ஏவுக்கும் வைக்காதீர்கள். ரீசெட் நடந்ததா என்று அந்த ரிப்ளைக்குத் தெரியாது. தானாக நடக்க வேண்டும் என்ற விருப்பம் நியாயமானதுதான், அதற்குரிய வழி 10-உம் 11-உம். அவை முதலில் ஐஓவைத் துண்டித்து அல்லது மெஷினிடம் உறுதி வாங்கிய பிறகே வெளியேற்றுகின்றன.

17. மெயின்டெனன்ஸுக்கு ஒரு சிஸ்டத்த இறக்கும்போதும் இதே மெசேஜ் வருமா?

வரும். வேலைகளை முடித்து, ஜேஈஎஸ்2வை நிறுத்தி, இசட் ஈஓடி கொடுத்த பிறகு, வேறொரு சிஸ்டத்திலிருந்து வி எக்ஸ்சிஎஃப்,சிஸ்டம் பெயர்,ஆஃப்லைன் கொடுப்போம். ஐஎக்ஸ்சி371டி உறுதி கேட்கும், பெயரை மறுபடி தட்ட வேண்டும். சும்மா ஒரு யெஸ் தட்டி முடிக்க முடியாதபடி வைத்திருப்பது நல்லதற்குத்தான். பிறகு 102ஏ வந்தால் ரீசெட், டவுன். புதிதாக வந்தவர்கள் இதைப் பழகுவதற்கு இந்த மாதிரித் திட்டமிட்ட நேரம்தான் சிறந்தது, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது நீங்களே கேட்டு வாங்கிச் செய்யுங்கள். ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் இலவசமாக இசட் ஓஎஸ் பழகத் தருகிறது, ஆனால் அங்கே உங்களுக்குக் கிடைப்பது சாதாரண யூசர் ஐடி. சிஸ்பிளெக்ஸை உடைத்துப் பார்க்க வேண்டுமானால், உங்கள் கம்பெனியில் இசட் விஎம் மேல் கப்ளிங் ஃபெசிலிட்டியோடு கூடிய டெஸ்ட் சிஸ்பிளெக்ஸ் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

18. டவுன் போட்டாச்சு. அப்புறம்தான் தெரியுது, ரீசெட் ஆகவே இல்ல. இப்ப என்ன பண்றது?

அந்த நொடியே ஹெச்எம்சியில் சரியான எல்பாரை ரீசெட் செய்யுங்கள். விளக்கம், மெயில், போன் எல்லாம் அதற்குப் பிறகு. அது இன்னும் எழாமல் இருந்தால் ஆபத்தை இப்போதே அடைத்துவிட்டீர்கள். எழுந்திருந்தால், தன்னை வெளியேற்றிவிட்டார்கள் என்று அதன் எக்ஸ்சிஎஃப் கண்டுகொண்டு 0ஏ2 வெயிட் ஸ்டேட்டில் நிற்கும். ஆனால் கண்டுகொள்வதற்கு முன்னால் கிளம்பிய ஐஓ டிஸ்க்குக்குப் போயிருக்கலாம்.

பிறகு சிஸ்டம் புரோகிராமர், ஸ்டோரேஜ் ஆள், டிபிஏ மூவரையும் எழுப்பி நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். ஐஎக்ஸ்சி101ஐ வந்த நேரம், டவுன் கொடுத்த நேரம், 105ஐ வந்த நேரம், ரீசெட் முடிந்த நேரம், நாலையும் ஓபர்லாகிலிருந்தும் ஹெச்எம்சி பதிவிலிருந்தும் எடுத்துக் கொடுங்கள். டவுன் கொடுத்ததற்கும் ரீசெட்டுக்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் தொட்டிருக்கக்கூடிய டேட்டா செட்டுகளைத்தான் அவர்கள் சோதிக்க வேண்டும். நேரம் சரியாக இருந்தால் சோதனை சிறியதாகும். அவர்கள் சரி என்று சொல்லும்வரை அந்த சிஸ்டத்தை மறுபடி ஐபிஎல் செய்ய வேண்டாம்.